விசில் மாஸ்டர் நின்ற இடம்

என் அக்கா புருஷனை எல்லோரும் விசில் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் விசில் தொங்காமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. கல்யாணத்தன்றும் சட்டைக்குள்ளே அது தொங்கிக்கொண்டிருந்தது என்று அக்கா சொல்வாள். பொய்தான். ஆனாலும் என் பங்குக்கு நானும் நாலு பேரிடம் சொல்லிப் பரப்பியிருக்கிறேன். கேட்டவர்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

பள்ளிக்கூடத்து வாசலுக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. இரண்டு மெஷினும் சேர்ந்து ஓடினாலும் மைதானத்திலிருந்து மாமாவின் குரல் மதிலைத் தாண்டி வந்து காதில் விழும். அதிகம் திட்டுகிற ஆள் இல்லை. ஆனால் "கால் வலிக்குது சார்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மனிதருக்கு எங்கிருந்துதான் வருமோ அந்த நக்கல்.

"கால் வலிக்குதா? காலுக்கு ஏதுடா வாயி? உன் வாயிதான் சொல்லுது வலிக்குதுன்னு. ஒரு ரவுண்டு சேத்து ஓடு, சரியாப் போயிடும்."

மைதானமே சிரிக்கும். சொன்ன பிள்ளை முகம் சிவந்துபோய் ஒரு சுற்று கூடுதலாக ஓடும். உண்மையிலேயே தசை பிடித்துக் கீழே உட்கார்ந்துவிட்டால் அது வேறு. ஓடிப்போய்ப் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி வளைத்து, இறுகின ஆடுசதை தளரும்வரை கையை எடுக்கமாட்டார். தண்ணீர் குடிக்கவைப்பார். உடம்பைச் சூடுபண்ணாமல் ஓடினதற்கு ஒரு பாட்டம் பேசுவார். ஆடுசதை வலி என்றால் அவரைப் பொறுத்தவரை மூன்றுதான்: பிடிப்பு, சுளுக்கு, சோம்பேறித்தனம்.

இந்த நக்கலுக்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. வாலிபத்தில் நெடுந்தூர ஓட்டக்காரர். ஒரு பெரிய போட்டியில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர், எல்லை கண்ணுக்குத் தெரியும்போது ஆடுசதை இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டார். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் நடந்தார்கள். யாரோ கை தட்டினார்களாம். "தோத்ததுகூடப் பரவால்ல மாப்ள, அந்தக் கைதட்டுதான்..." என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் தன் காலைப் பற்றி யாரும் பரிதாபப்பட அவர் இடம் கொடுத்ததில்லை.

வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தேதான் வருவார். ஸ்கூட்டர் இருக்கிறது. அக்கா தைத்த துணிகளைக் கொடுக்கப் போகும்போது அவள் ஓட்டுவாள். "நடக்க முடியாதவனுக்குத்தான் மாப்ள வண்டி" என்று என் தொப்பையைப் பார்த்துக்கொண்டே சொல்வார். முதுகை நிமிர்த்தி, கையை வீசி, பின்னால் ஒரு படையே வருவது போல ஒரு நடை. அந்த நடைமேல் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒருநாள் மத்தியானம் பள்ளியின் கிளார்க் அம்மா ஜெராக்ஸ் எடுக்க வந்தார். வந்ததும் வராததுமாகப் பேச்சை ஆரம்பிக்கிறவர் அன்று மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். தாள்களை அடுக்கிக் கொடுக்கும்போதுதான் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, உங்க மாமாவ ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் கூப்பிட்டு விசாரிச்சாங்களே, தெரியுமா?"

"எதுக்கு?"

"லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க. தினமும் காலைல அவங்க வாசலுக்கு எதிர்ல நிக்குறாராம். அதே எடம், அதே நேரம். பொண்ணுங்க வேலைக்குக் கெளம்புற நேரம். செல்போன காதுல வெச்சிருக்காராம், ஆனா பேசுறதில்லையாம். மாடிப் பக்கமே திரும்பி நிக்குறாராம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்க மாமாவா? வேற யாரையாவது பாத்திருப்பாங்க."

"கழுத்துல விசில் தொங்குதாம் தம்பி."

மாமா என்ன பதில் சொன்னார் என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் புரியல. மேடம் எவ்வளவோ தன்மையாக் கேட்டாங்க. யாருக்காச்சும் காத்திருந்தீங்களா, போன் வந்துச்சா, ஏதாச்சும் சொல்லுங்க மாஸ்டர்னு எடுத்துக்கூடக் குடுத்தாங்க. இவரு தலையக் குனிஞ்சிக்கிட்டு, 'சும்மா நின்னேன் மேடம்'னு சொல்றாரு. பொம்பளப் பிள்ளைங்களும் படிக்கிற ஸ்கூலு. மேடமும்தான் என்ன பண்ணுவாங்க? விசாரணை முடியிற வரைக்கும் லீவுல இருங்கன்னுட்டாங்க."

சும்மா நின்றாராம்! தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான். கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். வழியில்தான் அந்த ஹாஸ்டல். எதிர்ப்புறம் ஒரு விளக்குக் கம்பம். அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் மாடி வராந்தா நேராகத் தெரிகிறது. கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. எனக்கே அந்த இடத்தில் நிற்கக் கூச்சமாக இருந்தது.

வீட்டில் அக்கா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், மெஷின் ஓடவில்லை. மாமா டிராக் பேன்ட்டும் வெள்ளை சாக்ஸுமாக நாற்காலியில் இருந்தார். விசில் ஆணியில் தொங்கியது.

"என்ன மாமா இது?"

"ஒண்ணுமில்ல மாப்ள."

"ஒண்ணுமில்லாததுக்கா வீட்டுக்கு அனுப்புனாங்க? அந்த எடத்துல எதுக்கு நின்னீங்க?"

அக்கா குறுக்கே வந்தாள். "அவர நோண்டாத. அதுக்கெல்லாம் நிக்கிற ஆளு இல்ல இவரு. எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஊருக்கு?"

"ஊரு பேசுறதப் பேசட்டும். ஏங்க, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. எதுக்கு நின்னீங்க?"

மாமா வாயைத் திறந்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "சொல்லித் தொலைச்சா என்னவாம்!" என்று அவர் காதில் விழும்படியே கத்தினேன்.

அதற்கப்புறம் வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அக்காவிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்த இருவர், அவசரம் என்று சொல்லித் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மாமா பால் வாங்கக்கூட வெளியே வரவில்லை. பள்ளி மதிலில் யாரோ சாக்பீஸால் ஒரு விசில் வரைந்து, அதற்கு இரண்டு கண்ணும் வைத்திருந்தார்கள். நான் ஈரத்துணியைக் கொண்டுபோய்த் துடைத்தேன். துடைக்கும்போது பின்னால் சைக்கிளில் போனவர்கள் சிரித்தார்கள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உண்மை அக்காவின் வாளியிலிருந்துதான் வந்தது. மாமாவின் இடது சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஒரு கறை இருந்துகொண்டே இருந்தது. ஷூ கடித்திருக்கும் என்று நினைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் லீவில் அவர் ஷூவே போடவில்லையே, அப்புறமும் கறை எப்படி? வீட்டுக்குள் இந்த மனுஷன் எதற்கு எந்நேரமும் சாக்ஸோடு இருக்கிறார்? என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் போனபோது மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் தரையில் உட்கார்ந்து சாக்ஸை உருவிக்கொண்டிருந்தாள். அவர் காலை இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

கட்டைவிரல் நகத்தோரம் ஒரு புண். பெரிது இல்லை, ஆனால் ஆறுகிற புண்ணின் முகம் அதற்கு இல்லை. பாதம் வெளிறிக் கிடந்தது. தொட்ட அக்கா கையை எடுத்துவிட்டு மற்றக் காலைத் தொட்டாள், மறுபடி இதைத் தொட்டாள்.

"இந்தக் காலு மட்டும் ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு? புண்ணு எப்ப வந்துச்சு?"

"நகம் வெட்டுறப்ப பட்டுச்சு."

"எப்ப வெட்டுனீங்க?"

"பெரிய லீவுல."

பெரிய லீவு முடிந்து பள்ளியில் ஒரு பரீட்சையே முடிந்துவிட்டது. "வலிக்கலையா?" என்று நான் கேட்டேன்.

"இது அவ்வளவா வலிக்கல மாப்ள." பிறகு திருடியதை ஒத்துக்கொள்கிற குரலில் சொன்னார். "ஆடுசதைதான்."

அன்றைக்கே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். தெருமுனையில் சின்ன கிளினிக், ஒரு எடை மெஷின், ஒரு வரிசை நாற்காலி. டாக்டர் அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். வளைத்துப் பேசுகிற வழக்கமே இல்லை.

"எப்ப வலிக்குது?"

"நடந்தா."

"உக்காந்திருக்கும்போது?"

"இல்ல."

"எவ்வளவு தூரம் நடந்தா வருது?"

மாமா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு டாக்டரின் மேசையைப் பார்த்துச் சொன்னார். "வீட்டுலேர்ந்து... லேடீஸ் ஹாஸ்டல் வரைக்கும்."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"நின்னா போயிடுதா?"

"கொஞ்ச நேரம் நின்னா இருந்த எடம் தெரியாமப் போயிடும். நடந்தா திரும்ப வரும். அதுக்குள்ள பின்கேட் வழியா ஸ்கூலுக்குள்ள போயிடுவேன்."

"தினமும் அதே எடத்துலதானா?"

"அதே எடம்தான். ஒரு லைட் கம்பம் இருக்கு. அதத் தாண்டி ஒரு அடி வைக்க முடியாது."

"இதத்தான் நான் கேக்கணும்னு நெனச்சேன்" என்றார் டாக்டர். தினமும் அதே இடம், அதே நேரம். வார்டன் அம்மா குற்றமாகச் சொன்ன அதே வார்த்தைகளை இந்த அம்மா நோயாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவர் மாமாவின் பாதங்களில் நாடி பார்த்தார். வலது காலில் உடனே பிடித்துவிட்டார். இடது காலில் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. கையில் கட்டுகிற பிரஷர் பட்டையைக் கணுக்காலிலும் கட்டிப் பார்த்தார்.

"நடக்கும்போது சதைக்கு ரத்தம் நெறைய வேணும். உங்களுக்கு ரத்தம் வர்ற கொழாய் அடைச்சிருக்கு. நின்னா சதைக்குத் தேவை கொறையுது, வலி போயிடுது. போயிடுதேன்னு நீங்களும் விட்டுட்டீங்க."

"பிடிப்புன்னு நெனச்சேன் டாக்டர். நீட்டி மடக்கிப் பாத்தேன். தண்ணி நெறையக் குடிச்சேன். ஷூவக்கூட மாத்தினேன்."

"பிடிப்புன்னா சதை திடீர்னு கல்லா இறுகும், நீட்டினா விட்டுடும். நடந்த தூரத்தக் கணக்கு வெச்சிக்கிட்டு வராது. சுளுக்குன்னா எந்த நேரத்துல இழுத்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், தொட்டாலே வலிக்கும். முதுகுல நரம்பு நசுங்கினாலும் ஆடுசதை வரைக்கும் வலி எறங்கும். ஆனா அது சும்மா நின்னா போகாது, உக்காரணும், இல்ல குனியணும்." பேசிக்கொண்டே இரண்டு ஆடுசதையையும் கையால் அளந்து பார்த்தார். "ஒரு காலு மட்டும் வீங்கி, சூடா, செவந்து எப்பவாச்சும் இருந்துச்சா?"

"இல்ல."

"நல்லவேளை. ஆபரேஷனுக்கு அப்புறமோ, காலுல கட்டுப் போட்டிருந்தாலோ, நாள் பூரா உக்காந்தே பயணம் போனாலோ அப்படி வரலாம். உள்ள ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கும். அந்தக் கால அமுக்கவே கூடாது, அன்னைக்கே டாக்டர்கிட்ட வந்துடணும். கூடவே மூச்சு வாங்குச்சு, நெஞ்சு வலிச்சுதுன்னா எதுக்கும் காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரிதான்."

மாமாவின் முகம் சுண்டிப்போனது. "நான் எத்தன பேரு கால யோசிக்காம அமுக்கி விட்டிருக்கேன்" என்று முணுமுணுத்தார்.

"படுக்கும்போது இந்தக் கால கட்டிலுக்குக் கீழ தொங்கப் போடுறீங்களா?"

அதற்கு அக்கா பதில் சொன்னாள். "ஆமா டாக்டர், கொஞ்ச நாளா அப்படித்தான் படுக்குறாரு. கேட்டா புழுக்கம்னாரு."

டாக்டர் பேனாவை எடுத்தார். "தொங்கப் போட்டா ரத்தம் கொஞ்சம் எறங்கும், வலி அடங்கும், அதுக்குத்தான். நடக்காம படுத்திருக்கும்போதே வலி, காலு சில்லுன்னு ஆகுறது, ஆறாத புண்ணு. இதுல ஒண்ணு வந்தாலே ஓடி வரணும். உங்களுக்கு மூணும் வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா விரல எடுக்கிறதா பாதத்த எடுக்கிறதான்னுதான் பேசிக்கிட்டிருப்போம். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்." எழுதிக்கொண்டே கேட்டார். "சிகரெட் உண்டா?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு டாக்டர். எங்கப்பா சிகரெட்டாலதான் மூச்சு முட்டிப் போனாரு, அப்ப அவரு கையப் புடிச்சிக்கிட்டு இனிமே தொடமாட்டேன்னு இவரு சத்தியம் பண்ணினாரு." அவள் குரலில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு மாமாவைப் பார்த்தார். "கடைசியா எப்ப புடிச்சீங்க?"

மாமா தன் வெறும் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கிற குரல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இன்னைக்குக் காலைல."

பள்ளியில் விளையாட்டுச் சாமான் அறையில், இறகுப்பந்து வைக்கிற நீள டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தாராம். வீட்டில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். பல்லுக்கு நல்லது என்று சொல்லி எந்நேரமும் கிராம்பு மென்றதும் இதற்குத்தான். வெளியே வந்து, நான் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா சொன்னாள்.

"ஹாஸ்டல் வாசல்ல நின்னீங்கன்னு ஊரே சொல்லிச்சு. ஒரு நிமிஷம்கூட நான் நம்பலங்க. மேடமே வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அப்படி நம்பின என்னைப் போயி இத்தன வருஷமா..."

ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மாமா கூனிக் குறுகிப்போயிருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சின்ன இடத்துக்குள் அடங்கும் என்று எனக்குத் தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வழியாகக் கம்பி விட்டு, பலூன் வைத்துப் பெரிய அடைப்பைத் திறந்தார்கள். கீழே இருந்த சின்ன அடைப்புகளுக்கு மாத்திரையும் நடையும்தான் வைத்தியம் என்றார்கள். சிகரெட்டை இனி தொட்டால் காலை மறந்துவிடலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். நடை எப்படி நடக்க வேண்டுமாம்? வலி வரும்வரை நடக்க வேண்டும், வந்ததும் நிற்க வேண்டும், போனதும் மறுபடி நடக்க வேண்டும். எந்தக் காரியத்துக்காக வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்களோ, அதையே மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள். புண் மெல்ல ஆறியது, விரல் தப்பியது.

அந்த இறகுப்பந்து டப்பாவை மாமாவே வரவழைத்து அக்கா கையில் கொடுத்தார். அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. தையல் மேசையில் ஸ்கேலும் கத்தரியும் போட்டு வைக்க எடுத்துக்கொண்டாள். மாமா சாப்பிட உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் அது நேராகத் தெரியும்.

ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்த்த பள்ளி மேடம், "நான் புரிஞ்சிக்கிட்டேன் மாஸ்டர். ஆனா வார்டன்கிட்ட நீங்களே போய்ச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டார்.

"மாப்ள, நீ சொல்லேன். உனக்குப் பேச வரும்" என்று மாமா என்னிடம் கெஞ்சினார்.

"கூட வர்றேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

ஹாஸ்டலின் முன்னறையில் ஒரு செருப்பு அலமாரியும், மேலே போகிற படிக்கட்டும். வார்டன் அம்மா சாவிக்கொத்தோடு எதிரே உட்கார்ந்தார். மாமா உட்காரவில்லை. விசிலைக் கழற்றிக் கையில் பொத்திவைத்திருந்தார்.

"என்னால நடக்க முடியலம்மா" என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "அந்தக் கம்பத்துக்கிட்ட வந்ததும் காலு நின்னுடும். ஸ்கூல் பிள்ளைங்க ரோட்டுல போவாங்க. வலில என் மூஞ்சி கோணுறத அவங்க பாத்துடக் கூடாதுன்னு இந்தப் பக்கமாத் திரும்பிக்கிட்டேன். மாடில யாரு இருக்காங்கன்னு பாக்குற நெலமையில நான் இல்லம்மா."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே சார். கால் வலிக்குதுன்னு ஒரு வார்த்த."

"அந்த வார்த்ததான்மா வரல."

வார்டன் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணுங்களப் பாக்குற ஆளுன்னு பேரு வாங்குனத விட, அது உங்களுக்குப் பெரிய அவமானமா இருந்துச்சா?"

மாமா தலையைத் தொங்கப் போட்டார். அதற்குள் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கி வந்த ஒரு பெண், துணிக்கடைச் சீருடையில், கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"அந்த மாடி ரூம்ல நான்தான் சார் இருக்கேன்" என்றாள். "நீங்க நிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து ஜன்னலத் தொறக்கல. பின்வாசல் வழியாச் சுத்திக்கிட்டுப் போவேன். லேட்டா வர்றேன்னு சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்குனேன். உங்களுக்குக் காலு வலிச்சிருக்கு, சரி. ஆனா எனக்குப் பயமா இருந்துச்சு. அதுவும் நெஜம்தானே சார்?"

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். மாமாவின் காது மடல் சிவந்தது.

"நெஜம்தாம்மா. அது எனக்குத் தோணவே இல்ல. என்னையே நெனச்சிக்கிட்டு இருந்துட்டேன். மன்னிச்சிடும்மா."

அவள் அலமாரியிலிருந்து செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, எங்களைத் தாண்டி முன்வாசல் வழியாகப் போனாள்.

மறு வாரம் மாமா பள்ளிக்குக் கிளம்பினார், நடந்துதான். ஹாஸ்டல் வாசலைத் தலையைக் குனிந்தபடி தாண்டினாராம். கம்பத்தருகே வலி வரவில்லை. பின்கேட்டுப் பக்கம் திரும்பாமல் முன்வாசலுக்கே நடந்தார். வலி கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அது எங்கே வந்து நின்றது தெரியுமா? சரியாக என் கடை வாசலில். முதல் மணி அடிக்கப்போகிற நேரம், பள்ளிப் பிள்ளைகள் மொத்தமும் கூடுகிற இடம்.

நான் ஸ்டூலை எடுத்து உள்ளே போட்டு, வந்து உட்காரும்படி சைகை செய்தேன். அவர் ஸ்டூலைப் பார்த்தார். கை தன்னாலேயே பையிலிருந்த போனுக்குப் போனது, பாதி எடுத்தார், திரும்ப உள்ளே போட்டார். என் கடைச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். முகம் வலியில் கோணியது. எல்லோரும் பார்த்தார்கள்.

"என்னாச்சு சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

மாமா சுவரை விடாமலே சொன்னார். "கால் வலிக்குதும்மா."

பின்னாலிருந்து ஒரு குரல், அவருடைய ராகத்திலேயே, "ஒரு ரவுண்டு சேத்து ஓடுங்க சார், சரியாப் போயிடும்" என்றது. மாமாவின் கை விசிலுக்குப் போனது, ஆனால் ஊதவில்லை.

"அதேதான்டா டாக்டரும் சொல்லியிருக்காங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். முன்வரிசையில் நின்ற மெலிந்த பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பையின் வாரைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கும் அன்னைக்கு நெஜமாத்தான் சார் வலிச்சுது."

மணி அடித்தது. பிள்ளைகள் கேட்டைப் பார்த்து ஓடினார்கள். அவள் போகவில்லை, மாமாவும் நகரவில்லை. சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்து, முன்பு யாரிடமும் கேட்காததை முதல் தடவையாகக் கேட்டார்.

"எந்தக் காலும்மா?"